உருகிப்போன இன்ஜினும் அக்காவின் சம்மதமும்

மாதா துணை

கும்மிடிப்பூண்டி,
கார்த்திகை மாதக் கடைசி

என் மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய அக்கா ஆரோக்கியமேரி அவர்களுக்கு,

தம்பி பாக்கியநாதன் பணிவன்போடு எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நானும் ஞானம்மாவும் மகள் ஜெனிபரும் ஷெட்டில் உள்ள உலையும் சுகம். வேப்பம்பட்டில் நீங்களும், உங்கள் முழங்காலும், மாப்பிள்ளை புதிதாகக் கட்டிய மாடிப்படியும் ஒருவரோடு ஒருவர் சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் ஒரு மணியை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் தீர்ப்பை வாசித்துவிடுகிறீர்கள். தோசைக்கல் வார்க்கலாமா என்று கேட்பதற்காகப் போன வருஷம் கூப்பிட்டேன். "தோ" என்றேன். "வேணாம்" என்று வைத்துவிட்டீர்கள். தலைமையாசிரியையாக இருந்தவர்களுக்கு அது இயல்புதான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. இந்த ஒரு தடவை வேண்டாம்.

விஷயம் இதுதான். பழைய கார்களை வைத்துக்கொண்டு கொஞ்சுகிற மனிதர்களுக்குப் புதிதாக இன்ஜின் பிளாக் வார்த்துக் கொடுக்கும் வேலையை நம் ஷெட் எடுக்கலாமா, கூடாதா? பிளாக் என்றால் இன்ஜினின் உடம்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குள்ளேயும் அதன் மேலேயும் மாட்டுவது. ஷெட் உங்கள் பெயரில் இருக்கிறது. தெருவில் பதிக்கிற இரும்பு மூடியும் பம்பு உடம்பும் தவிரப் புது வேலை எதைத் தொட்டாலும் அக்கா தலையசைக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்து நம் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நான் மீறியதே இல்லை. மணி வார்த்தது கணக்கில் வராது, அது கோயிலுக்காக. அடித்தால் டொக்கென்றது வேறு விஷயம்.

இந்த வம்பை ஷெட்டுக்குள் கொண்டுவந்தவர் திருவள்ளூர் ஆராவமுதன். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றி நிறைய நாமம், வாய் நிறையச் சிரிப்பு. அவருடைய தகப்பனாருக்கு யாரோ ஒரு ஜமீன்தார், சம்பாவனையாக ஒரு இங்கிலாந்துக் காரைக் கொடுத்திருக்கிறார். வேட்டி, பழம், தட்சிணை கொடுக்கிற இடத்தில் காரைக் கொடுத்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று அந்த மகராசன் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வண்டி அவர்கள் வீட்டுப் பின்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆராவமுதன் அதைத் தினம் துடைப்பார், விசேஷ நாளில் ஓட்டுவார். போன பங்குனியில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது முன்பக்கம் ஆவி கிளம்பியிருக்கிறது. அவருடைய சம்சாரம் கோதைநாயகி அம்மாள் வண்டி பற்றி எரிகிறது என்று நினைத்து, மூடியைத் திறந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே விரிசல். தயாரித்த கம்பெனியை மூடிப் பல தலைமுறை ஆகிவிட்டது. வேறு பிளாக் எங்கும் கிடைக்கவில்லை. அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்களாம்: "தை பொறக்கறதுக்குள்ள அது தானா நகரணும். இல்லேன்னா இரும்புக் கடைக்காரன் வந்து நகர்த்துவான்."

ஆக, அந்த மனிதர் ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த விரிசல் விட்ட பிளாக்கைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பட்டு வேட்டியால் போர்த்தி, குங்குமம் வைத்து, நம் ஷெட் வாசலில் இறக்கினார். "இவர் மாதிரியே இன்னொருத்தரைப் பண்ணித் தரணும். உங்களாலதான் முடியும்னு சொன்னா" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்கா, என்னிடம் வந்து யாரும் இப்படிச் சொன்னதில்லை. "அக்காவைக் கேட்டுத்தான் முடிவு சொல்லணும் சாமி, விட்டுட்டுப் போங்க" என்றேன். இது சத்தியம். உங்களைக் கேட்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆவணியில் நினைத்தேன், புரட்டாசியிலும் நினைத்தேன்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் செய்ய முடியுமா என்று தெரியவேண்டாமா? அதற்காக மட்டும், கவரைப்பேட்டை பேட்டர்ன் ஆசாரியிடம் பிளாக்கைக் கொடுத்து மரத்தில் ஒரு மாதிரி செய்யச் சொன்னேன். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மர மாதிரியை ஒரு மயிரிழை பெரிதாகச் செய்ய வேண்டும். ஜெனிபர் தன் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற பிரிவில்தானே இருக்கிறாள், லீவு நாளெல்லாம் ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அந்த மயிரிழைக்காக அவர் உயிரை எடுத்தாள். மாதிரி வந்தது. தேக்கில் இழைத்துப் பாலிஷ் போட்டு, பார்ப்பதற்கு ஒரு சின்னத் தேர் மாதிரி இருந்தது. பழைய பிளாக்கும் திரும்பி வந்து, தன் பட்டு வேட்டியோடு முற்றத்தில் ஓரமாக உட்கார்ந்தது. அங்கேதான் விதி வேலை செய்தது.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. நம் ஷெட்டில் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். காலையில் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார், பிறகு பையன்கள் கழுவித் துடைத்து எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பட்டு வேட்டி அழுக்காகியிருக்கிறதே என்று ஞானம்மா துவைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விடுமுறை முடிந்து முதல் உலை. முதல் உலைக்கு மட்டமான இரும்பு போடக்கூடாது, இருப்பதிலேயே நல்லதைப் போட வேண்டும் என்பது நம் வழக்கம். பழைய இன்ஜின் பிளாக்கை விட நல்ல இரும்பு நமக்கு ஏது? ஒன்று கிடைத்தால் பையன்களுக்கு அன்றைக்குப் பிரியாணி சாப்பிட்ட சந்தோஷம். நான் அன்று ஜெனிபருக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பாக்கம் போய்விட்டு, மதியம் வந்து முற்றத்தைப் பார்த்தேன். ஓரம் காலியாக இருந்தது. உலை மேஸ்திரி ரகுவைக் கூப்பிட்டேன்.

"ரகு, சாமியோட பிளாக் எங்கடா?"

"அதான் மர மாதிரி வந்துட்சே மொதலாளி. அப்பால அது இன்னாத்துக்கு? மொத உலைக்கு நல்ல இரும்பா போடச் சொன்னீங்க. கீறதிலயே அதான் நல்ல இரும்பு. நாலு பேரா சேர்ந்து சம்மட்டியில ஒடச்சி, கற்பூரம் காட்டித்தான் போட்டோம்."

"அவுரு குங்குமம் வெச்சிக் குடுத்தாரேடா. அதப் பாத்தாவது தெரியல உனக்கு?"

"அன்னிக்கு எல்லாத்துக்கும்தான் பொட்டு வெச்சிக்கினு இருந்தாங்க. கிரைண்டருக்கு, தராசுக்கு, உங்க சேருக்குக்கூட. எத வெச்சி கண்டுபுடிக்கிறது?"

நான் சேரில் உட்கார்ந்துவிட்டேன். குங்குமம் சட்டையில் ஒட்டிக்கொண்டது. ரகு மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவன் சுவரைக் கைகாட்டினான். நம் ஷெட் சுவரில், கரும்பலகை எழுத்தில், பச்சை பெயிண்டில், 'மாதிரி செய்து முடிந்ததும் பழையதை உலையில் போடவும், முற்றத்தில் குப்பை சேர்க்கக்கூடாது' என்று எழுதியிருக்கிறது. அது யார் கையெழுத்து என்று நான் சொல்லத் தேவையில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. சுவரில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த உலையில் வார்த்தது தெருக் குழாய் வால்வு மூடிகள். அவை லாரி ஏறித் திருவள்ளூர்ப் பக்கமே போய்விட்டன. ஆராவமுதனுடைய தகப்பனார் ஓட்டிய இன்ஜின் இப்போது ஏதோ தெருக்களில் வட்ட வட்டமாகக் கிடக்கிறது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? வாராவாரம் ரயில் பிடித்து, சென்னையில் இறங்கி, மறுபடி ரயில் ஏறி நம் ஷெட்டுக்கு வருகிறார். வந்ததும் முதல் கேள்வி, "பழையவர் சௌக்கியமா இருக்காரா?" நான் "உள்ள இருக்காரு சாமி" என்பேன். உலையைத்தான் சொன்னேன், பொய் இல்லை. "ஒரு தடவை பார்த்துட்டுப் போறேனே" என்பார். "சூடா இருக்கு சாமி, அப்புறம் பாக்கலாம்" என்பேன். அதுவும் பொய் இல்லை. அவரும் நம்பிச் சிரித்துவிட்டுப் போவார். அக்கா, பச்சையாகச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞானம்மா மீன் குழம்பு வைத்தும் இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கொடுக்க வழியில்லை, ஆகவே புதியதைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற நிலை. அதனால் உங்கள் சம்மதம் வருவதற்கு முன்பே, சும்மா ஒரு சோதனையாக, ஒன்றே ஒன்று வார்த்துப் பார்த்தோம். மூடி என்றால் மணலில் அச்சு அழுத்தி ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பிளாக்குக்குள் தண்ணீர் ஓட வழி வேண்டும், அதற்கு உள்ளே மணலிலேயே கோர் என்கிற உள் அச்சைச் செய்து நிறுத்த வேண்டும். முதல் தடவை இரும்பு ஊற்றியதும் கோர் மிதந்துவிட்டது. உடைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுவர் கனமாகவும் மறுபக்கம் சுவரே இல்லாமலும் இருந்தது. ஞானம்மா அதை வாசலுக்கு இழுத்துப் போய் மண் போட்டு, நாலு சிலிண்டரிலும் நாலு செடி நட்டிருக்கிறாள். புதினா நன்றாக வருகிறது. இரண்டாவது தடவை பார்க்க லட்சணமாக வந்தது. தண்ணீர் நிரப்பினால் பக்கவாட்டில் வியர்த்தது. "துடைச்சிட்டுக் கொடுத்துடலாமா?" என்று ரகு கேட்டான். ஜெனிபர் அவனைப் பார்த்த பார்வையில் எனக்கு நீங்கள்தான் தெரிந்தீர்கள். "அப்பா, மூடின்னா கண்ணால பாத்து ஓகே சொல்லுவீங்க. இது அந்த மாதிரி இல்ல. மறுபடி ஊத்துங்க" என்றாள்.

மூன்றாவது தடவை அச்சை உடைத்தோம். மணலைத் தட்டினோம். தண்ணீர் நிரப்பி அன்று முழுவதும் வைத்திருந்தோம். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. விரலால் சுண்டினால் கிண்ணென்றது. அந்தச் சத்தம் மணியில் வந்திருக்கவேண்டியது, இதில் வந்தது. ரகு துண்டை எடுத்து அதைத் துடைத்தான். ஊற்றிய மூடியை அவன் காலால் உதைத்துத் தள்ளித்தான் பார்த்திருக்கிறேன். லேத் பட்டறையில் கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்தும் வந்தாகிவிட்டது. இப்போது அது ஆபீஸ் ரூமில், துவைத்த பட்டு வேட்டியைப் போர்த்திக்கொண்டு, என் சேரில் உட்கார்ந்திருக்கிறது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இத்தோடு போயிருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஆராவமுதனுக்குப் பழைய கார் சிநேகிதர்கள் ஒரு கூட்டம் இருக்கிறது. செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வருவதற்குள் ஷெட் வாசலில் வந்து நிற்கிறார்கள். உடைந்தது, விரிந்தது, அரித்தது என்று ஆளுக்கொரு பிளாக் கதை. ஒருவர் தன் வண்டியின் பிளாக்கில் அந்தக் காலத்துத் தொழிற்சாலை தவறாக விட்ட ஒரு சின்ன மேடு இருக்கிறது, புதியதிலும் அந்தத் தவறு அப்படியே வரவேண்டும் என்கிறார். ரகு அசந்துபோய், "சார், தப்பில்லாம ஊத்தறதுக்கே நாங்க பேஜாராகிக்கினு கீறோம், தப்பையும் கரெக்டா ஊத்தணுமா?" என்றான். இன்னொருவர் நம் பிளாக்கை முகர்ந்து பார்த்துக் கண் கலங்கினார். ஞானம்மா இவர்கள் எல்லாருக்கும் நாஷ்டா கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டாள். அவள் கட்சி வேறு. "மூடி போட்டமா, லாரி ஏத்தனமான்னு நிம்மதியா கீறோம். மூடி ஒடஞ்சா வேற மூடி. இது ஓடலன்னா இவங்கல்லாம் நம்ம ஊட்டுலயே வந்து குந்திக்குவாங்க" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஷெட் போட்ட நாளிலிருந்து மூடி வார்க்கிறேன். மெட்ராஸ் முழுக்க ஜனங்கள் என் இரும்பு மேல்தான் நடக்கிறார்கள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், குனிந்து பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அது யார் தப்பும் இல்லை, மூடியைப் பார்த்து என்ன சொல்வது? ஆனால் மூன்றாவது பிளாக் வந்த அன்று ஆராவமுதன் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தவர் எடுக்கவே இல்லை. எனக்கு அப்போது இருந்த சந்தோஷம் அதற்கு முன்னால் ஜெனிபர் பிறந்த அன்றைக்குத்தான் இருந்தது. இதை ஞானம்மாவிடம் சொல்லவில்லை.

இருந்தாலும் அக்கா, யோசித்துப் பார்த்ததில் இது நமக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது. மூடிக்கு ஆர்டர் இருக்கிறது, பம்புக்காரர்கள் வருகிறார்கள், குறை ஒன்றும் இல்லை. நீங்களும் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள், அதை நான் உங்கள் குரலிலேயே கேட்டுவிட்டேன். ஆகவே உங்கள் பதில் கடிதம் கைக்கு வரும்வரை இந்தப் பிளாக்கை ஷெட்டை விட்டு ஓர் அடி நகர்த்த மாட்டேன். பழையதை உருக்கிய விஷயத்தை ஆராவமுதனிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் சொல்லித் தராமல் வாயைத் திறக்க மாட்டேன். வேறு யாருக்கும் வார்த்துத் தருவதாக வாக்குக் கொடுக்க மாட்டேன். இது மாதா மேல் ஆணை என்று எழுதப் பேனா போனது, எதற்கும் நிறுத்திக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வரவேண்டும். பலகாரத்தைக் குறை சொல்ல ஆள் இல்லாமல் ஞானம்மாவுக்குக் கை ஓடவில்லை. உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகி, உங்கள் கோபம் மெதுவாக வர வேண்டுமென்று வேண்டும்,

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
பா. பாக்கியநாதன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை மாட்டியிலேயே தொங்கி, இப்போது மார்கழியும் பிறந்துவிட்டது. இந்த வரிகளைத் திருவள்ளூரில், ஆராவமுதன் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் மன்னிக்கவும். பிளாக்கை ஓர் அடிக்குமேல் நகர்த்தும்படி ஆகிவிட்டது. மெக்கானிக் வந்து மாட்டியும் விட்டார். மாட்டும்போது ஆராவமுதன், "பழையவரையும் ஆத்துக்கு அழைச்சிண்டு வந்துடலாமே" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் வண்டி துடைக்கிற துணியை மடித்து ஓரமாக வைத்தார்.

"என்னவா ஆனார்?" என்று கேட்டார்.

"மூடியா ஆயிட்டாரு சாமி."

"சாக்கடைக்கா?"

"இல்ல சாமி, குடிதண்ணி வால்வுக்கு."

கண்ணை மூடித் திறந்தார். "தீர்த்தம்னா சரி" என்றார். கோதைநாயகி அம்மாள் உள்ளேயிருந்து, "இத்தனை நாள் கொல்லையை அடைச்சிண்டிருந்தார், இனிமே தெருவை அடைச்சிண்டு கிடக்கட்டும்" என்று காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்குக் காபி இறங்கியது.

அந்த மேடு கேட்டவருக்கு ஒன்று, முகர்ந்து பார்த்தவருக்கு ஒன்று ஆக இரண்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சுவரில் உங்கள் எழுத்துக்குக் கீழே 'சாமி கொடுத்தது நீங்கலாக' என்று ரகு கரியில் சேர்த்திருக்கிறான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஆராவமுதன்தான் கொண்டுவந்து தருகிறார், அந்தக் காரிலேயே. ஆகவே இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் திருவள்ளூரிலிருந்து வேப்பம்பட்டு வரை வண்டி ஓடிவிட்டது. ஓடியிருக்காவிட்டால் கடிதம் வந்திருக்காது, நீங்களும் கோபப்பட்டிருக்க மாட்டீர்கள். வாசல் கேட்டுக்கு வந்து கொஞ்சம் காது கொடுங்கள், அது நம் ஷெட் இரும்பு. பதில் கடிதம் எழுதவேண்டாம். அணைத்தால் மறுபடி கிளம்புமா என்று தெரியாததால் அவர் இன்ஜினை அணைக்க மாட்டார், உங்கள் திட்டு எதுவும் அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. தலையை மட்டும் அசையுங்கள் அக்கா. மேலும் கீழுமாக.